குலவையோடு ஒன்பதாவது பாட்டு

போடியில் நாங்கள் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கிடங்கில் கர்ணன் எடை போடுகிறவன். நான் மூட்டை தைக்கிறவன். ஓய்ந்த நேரமெல்லாம் கர்ணன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, தானே எழுதிய பாட்டைத் தானே பாடி, செல்போனில் பதிவு செய்வான். ஒன்பது பாட்டில் ஒரு ஆல்பம் போட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். குரல் சுமார்தான். ஆனால் பொய் சொல்லாத குரல், அதை ஒத்துக்கொள்கிறேன்.

அவனுக்கு ஒரு வியாதி. பாடும்போது சுற்றி எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. வீட்டில் மின்விசிறியை நிறுத்தினான், சேவலைக் கூடை போட்டு மூடினான். ஒருநாள் சோறு வேகும்போது, விசில் வந்துவிடும் என்று குக்கரையே இறக்கி வைத்துவிட்டான். அன்று அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்ற அவன் மனைவி உமாதேவி, "இந்த வீட்டுல நான் தும்மணும்னாலும் உங்களக் கேட்டுத்தான் தும்மணுமா?" என்று கேட்டுவிட்டு, பண்ணைப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். எனக்கென்னவோ அவள் பக்கம்தான் நியாயம்.

மூன்று வாரம் ஓடியது. அவள் திரும்பி வரவேண்டுமே என்று கர்ணன் ஒவ்வொரு பாட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எட்டுப் பாட்டுக்கும் நீல டிக் விழுந்தது. பதில் மட்டும் இல்லை.

ஒன்பதாவது பாட்டு, வீரபாண்டி அம்மன் திருவிழாவில் அவளை முதன்முதலாகப் பார்த்த கதை. மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று கிடங்கிலேயே பாட உட்கார்ந்தான். காய் தரம் பிரிக்கும் பெண்களிடம் சல்லடையைக் கீழே வைக்கச் சொன்னான். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தேரு நகரும் நேரத்தில..." என்று அவன் இழுத்ததுதான் தாமதம், பன்னிரண்டு பெண்களும் குலவை போட்டார்கள்.

கர்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். மறுபடி பாடினான். மறுபடியும் குலவை. இந்தத் தடவை அவனுக்கே சிரிப்பு வந்து, சிரிப்போடே பாடி முடித்தான்.

"அம்மன் தேரு நகருதுன்னா வாய் தானாப் போடுதுலே, நாங்க என்ன செய்ய?" என்றாள் அவர்களில் மூத்தவளான அன்னத்தாய்.

அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தனியாகப் பாடினான். சுத்தமாக வந்தது. உப்பில்லாத கஞ்சி மாதிரியும் வந்தது. திரும்பி வந்தவர்களிடம் இரண்டையும் போட்டுக் காட்டி, எதை அனுப்புவது என்று கேட்டான்.

"சத்தம் போடாதன்னு நீ சொன்னதுலதான அந்தப் புள்ள போனா?" என்றாள் அன்னத்தாய்.

கர்ணன் குலவைப் பாட்டை அனுப்பினான்.

பத்தே நிமிடத்தில் உமாதேவி அழைத்தாள். அவன் அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் வேறு திறந்துகொண்டது.

"குலவை போட்டது யாரு?"

"இங்கன கூட வேலை பாக்கிறவுக."

"அவுக போட்டா விட்டுருவீக. நான் வச்ச குக்கர் விசிலடிச்சா மட்டும் ஆகாதா?"

"வா, உமா. அது அடிக்கட்டும்," என்றான்.

ஆல்பம் வெளிவந்தபோது பத்துப் பாட்டு இருந்தது. பத்தாவது அவன் வீட்டுச் சமையலறையில் பதிவானது. மூன்றாவது விசிலில் பாட்டு பாதியில் நிற்கும். "சோறு ஆயிருச்சு, வாங்க" என்று உமாதேவி குரல் கேட்கும். அதற்குப் பிறகு அவன் பாடவில்லை, சாப்பிடப் போய்விட்டான்.