தலையணை சிஸ்டர்

என் அப்பாவுக்கு யாரையும் லேசில் பிடிக்காது. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். எதிரே வருகிறவன் எல்லாம் முட்டாள் என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவர் ஒரு நர்ஸுக்குப் பட்டப்பெயர் வைத்து, ‘எங்கே அந்தத் தலையணை சிஸ்டரைக் காணோம்?’ என்று தேடுகிறார் என்றால், அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

ஆள் குள்ளம். வாய் ஓயாது. மாமியாரோடு போட்ட சண்டையைக்கூடப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டே சொல்லி முடித்துவிடுவார். சிகிச்சை விஷயத்தில் நோயாளி ஒன்று சொல்லி, வீட்டார் ஒன்று சொல்லி, டாக்டர் வேறொன்று சொன்னால், எது நியாயம் என்று நடுவில் உட்கார்ந்து பேச ஆஸ்பத்திரியில் சிலரைப் பழக்கினார்கள். அதில் இவரும் ஒருவர். பயிற்சி முழுக்க நாடகம்தான். கோபக்கார மகன் வேஷத்துக்கு அடிபிடியாம். வாயை மூடிக்கொண்டு நோயாளியாகக் கிடக்க மட்டும் ஒருவருக்கும் மனசில்லை. அதனால் ஒரு தலையணைக்குப் போர்வை போர்த்திக் கட்டிலில் கிடத்திவிட்டார்கள். யாராவது பிசகாகப் பேசினால் பயிற்சியாளர் கை தட்டுவார். பேசியவர் வெளியே போய், கதவைத் தட்டி, மறுபடி உள்ளே வந்து முதலிலிருந்து பேசவேண்டும். இதெல்லாம் பின்னால் அவரே சொன்னது.

அவருடைய முதல் நிஜக் கூட்டம் எங்களுடையது. சர்க்கரையால் அப்பாவின் பாதம் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். அப்பா முடியவே முடியாது என்றார். காரணம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் கத்திப் பார்த்தேன், அம்மா அழுது பார்த்தாள். கல்லுப்பிள்ளையார் மாதிரி கிடந்தார் மனுஷன்.

சிஸ்டர் வந்தார். டாக்டரைக் கேட்டார், அம்மாவைக் கேட்டார். அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்கும்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, நான் இன்னும் போய்ச் சேரலையே. என்னையும் ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?”

சிஸ்டரின் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து வெளியே போனார். சரிதான், கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த நிமிஷம் கதவு தட்டுகிற சத்தம். உள்ளே வந்தவர் எங்களைத் தாண்டிப்போய், அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“தப்பு பண்ணிட்டேங்க ஐயா. பயிற்சியில எங்களுக்கு நோயாளின்னா தலையணைதான். அந்தப் பழக்கம். இப்ப உங்களையே கேக்கறேன். ஏன் வேண்டாங்கறீங்க?”

அப்பா சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

“இவ வேலையை விட்டுட்டு என்னைப் பாத்துக்கப் போறாளாம். அம்மாகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. பொம்பளைப் பிள்ளைக்கு லிஃப்ட் ரிப்பேர் எதுக்குன்னு ஊரே சிரிச்சப்ப அடம்பிடிச்சுக் கத்துக்கிட்டவ. என் காலுக்காக அதை விடணுமா?”

ஊரோடு சேர்ந்து அவரும் சிரித்தார் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மகள் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தால் சம்மதமா என்று சிஸ்டர் அவரையே கேட்டார். கட்டு மாற்றத் தானே வீட்டுக்கு வருவதாகவும், அம்மாவுக்கும் சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னார். அப்பா தன் காலை ஒருதரம் பார்த்துவிட்டு, எடுக்கச் சொல்லுங்கள் என்றார். அந்த அம்மாள் நன்றாக இருக்கவேண்டும். எங்கள் அப்பாவை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் நின்ற என்னைப் பார்த்து அப்பா முறைத்தார்.

“வேலைக்குப் போகலையா?”

“இன்னிக்கு ஒரு நாள்தாம்பா,” என்றேன்.