பாக்கு என்னுது, பொண்ணு உன்னுது

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நேற்று நிச்சயம். புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்ட அவள் அப்பா, தட்டு மாற்றும்போது கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, "பாக்கு என்னுது, பொண்ணு உன்னுது" என்றார். கரகரப்புதான். ஆனாலும் பந்தல் முழுக்கக் கேட்டது.

என் அப்பாவுக்கும் அதே நோய், அதே ஓட்டை. அதன்மேல் எப்போதும் ஈரத்துணி கட்டியிருப்பார். முன்பெல்லாம் அவர் குரல் கொடுத்தால் உப்பளத்தின் அந்தக் கோடியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரல் போய்விட்ட வருஷம்தான் அக்காவுக்கு நிச்சயம். நான் சின்னப் பெண். அப்பா தட்டை நீட்டி உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை.

"அம்மன் பேர சொல்லி வாய்விட்டு குடுக்கணுமில்ல? அவரு தம்பிய உக்கார வைங்க" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"ஊமைச் சம்பந்தம்பா, சண்டையே வராது" என்று பின்னால் ஒருவர் சிரித்தார்.

அப்பா தட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். பிறகு என் நிச்சயத்தன்று விடியும் முன்பே அளத்துக்குப் போய்விட்டார்.

நேற்று பக்கத்து வீட்டம்மா சொன்னாள்: "உள்ள சின்ன வால்வு வெச்சிருக்காங்கக்கா. ஓட்டைய மூடினா மூச்சு அது வழியா வாய்க்கு வருது. உங்கப்பா காலத்துலயே இது வந்துடுச்சாமே!"

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் அம்மன் செயல் என்றே இத்தனை வருஷம் விளக்கேற்றினேன். இன்று காலையும் ஏற்றினேன். அம்மனிடம் எதுவும் வேண்டிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.