கண் திறக்காத பூக்காரி

உறவுக்காரர்கள் குணாளனைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வது ஒன்றுதான். "ஒனக்கென்னப்பா, கரும்பு தின்னக் கூலி." பினாங்கில் கோயில் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவருக்குக் கும்பாபிஷேகம் வந்தால்தான் கரும்பு. அதுவும் ஒரு கோயிலுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். இது அவர்களுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். நடுவில் கடைப் பலகை எழுதுவார், தீபாவளி சமயத்தில் பேரங்காடியில் ரங்கோலி போடுவார், மற்ற நாளெல்லாம் கெலுகோர் அடுக்குமாடி வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுப்பு எரிவது அவர் மனைவி துளசியால். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்கு இரவு ஷிஃப்ட். குணாளனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டால் காட்டுகிற மருத்துவ அட்டைகூட அவள் வேலையோடு வந்ததுதான். நின்றே செய்கிற வேலை என்பதால் கொஞ்ச நாளாக அவளுக்குக் கால் வீங்குகிறது.

"செவரு இருந்தாத்தானங்க சித்திரம்," என்றாள் ஒருநாள், காலில் தைலம் தேய்த்தபடி. "பகல் ஷிஃப்ட்டுக்கு மாறிக்கலாம். ஆனா நைட் அலவன்ஸ் போயிடும்லா. நீங்க மாசாமாசம் ஏதாச்சும் கொண்டாந்தா மாறிடுவேன்."

குறையாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

அந்தச் சமயத்தில்தான் ஹரீஷ் கூப்பிட்டான். லிட்டில் இந்தியாவுக்குப் பின்சந்தில் புதிதாகக் காப்பிக் கடை போட்ட பையன். வெளிச்சுவரில் ஒரு பூக்காரியை வரையச் சொன்னான். குணாளன் வரைந்தார். யாரையும் நினைத்து வரையவில்லை. ஆனால் முகம் துளசியின் முகமாக வந்துவிட்டது. எல்லாம் முடித்து, கண்ணில் கருவிழி மட்டும் வைக்காமல் நிறுத்திக்கொண்டார். கோயில் வேலையில் அதுதான் முறை. கோயிலார் தட்டில் வேட்டியும் வெற்றிலைபாக்கும் கூலியும் வைத்துக் கொடுத்த பிறகுதான் ஓவியர் கருவிழி வைத்துக் கண் திறப்பார். காப்பிக் கடைக்காரன் வேட்டியா வைத்துக் கொடுக்கப்போகிறான்? இருந்தும் பழகிய கை தானாக நின்றுவிட்டது.

ஹரீஷ் வெளியூர் போயிருந்தான். அவன் திரும்புவதற்குள் சுற்றுப்பயணிகள் அந்த வெள்ளை விழிக்காரியைப் படமெடுத்து உலகம் பூராவும் அனுப்பிவிட்டார்கள். கடல் கடந்து வந்த பெண்களின் கண்ணீர் வற்றிய கண் என்று ஒருவர் எழுதினார். சமுதாயத்தின் குருட்டுத்தனம் என்றார் இன்னொருவர். ஹரீஷ் வந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்தான். குணாளன் தூரிகையை எடுத்தார்.

"வேணாம்ணே," என்று கையைப் பிடித்துக்கொண்டான். "அப்படியே இருக்கட்டும். இதுதான் ஆர்ட்."

அதோடு விடவில்லை. பட்டர்வொர்த்திலும் மற்ற இடங்களிலும் நான்கு கிளை திறக்கிறானாம். நான்கு சுவரிலும் இதே மாதிரி கண்ணில்லாத பெண்கள் வேண்டும். மாதாமாதம் பேங்கில் போட்டுவிடுவான். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

துளசி கேட்ட அதே மாதாமாதம். ஆனால் குணாளனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை வருடம் அவர் வரைந்ததை எவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது வரையாமல் விட்டதைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். இவள் சாமியில்லையே, வெறும் பூக்காரிதானே, இவளுக்கு என்ன முறை வேண்டிக்கிடக்கிறது என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தார். மனசு கேட்டால்தானே.

ஞாயிற்றுக்கிழமை துளசியைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நான்தானே இது?"

"ஆமா."

"கண்ணு?"

"கடைக்காரரு வேணாங்கறாரு."

துளசி சிரித்தாள். "நைட் ஷிஃப்ட்டுல எனக்குப் பாதிக் கண்ணுதான் தெறந்திருக்கும். அவரு அதையும் எடுத்துட்டாரா?" பிறகு கடைப்படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "ஒத்துக்குங்க. படத்துல கண்ணு இல்லாட்டி என்ன, எனக்குக் காலு இருக்கட்டும்."

ஒத்துக்கொள்வதாகத்தான் திங்கட்கிழமை காலையில் போனார். கடை இன்னும் திறக்கவில்லை. பெட்டியில் வண்ணம் இருந்தது. சுவரில் பூக்காரி வெறும் விழியோடு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விடியற்காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும் துளசி இப்படித்தான் எதையும் பார்க்காமல் பார்ப்பாள். குணாளன் பெட்டியைத் திறந்தார். கருவிழி வைக்கவில்லை, ஹரீஷ் சொன்னதை மீறவில்லை. வெள்ளையின்மேல் தோலின் நிறத்தைப் பூசி, கீழே இமைமயிரை மெல்லிய கோடாக இழுத்தார். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

ஹரீஷ் வந்து பார்த்தான். "என்னாண்ணே பண்ணிட்டீங்க?"

"கண்ணத் தெறக்கலயே தம்பி. தூங்கட்டும்."

"கப்பு, பை எல்லாத்துலயும் அந்த மொகத்த பிரிண்ட் பண்ணியாச்சுண்ணே. இது வேற பொம்பள." அவன் சத்தம் போடவில்லை. "நாளைக்கு ஆளு வந்து பழையபடி ஆக்கிடுவாங்க. மத்த செவருக்கும் நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

பேருந்து நிறுத்தத்தில் நின்று, செய்தது சரியா தப்பா என்று யோசித்தார். சரி என்று தோன்றியபோது துளசியின் கால் நினைவுக்கு வந்தது. தப்பு என்று தோன்றியபோது அந்த முகம் நினைவுக்கு வந்தது. பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் ஷிஃப்ட்டுக்குப் புறப்பட்டவளோடு கீழே இறங்கி வந்து, நடந்ததைச் சொன்னார். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துளசி குனிந்து, வீங்கிய பாதத்தைச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கறாளா?" என்று கேட்டாள் நிமிராமல்.

"தூங்கறா."

"நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"அழிக்கிறதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்து வைங்க."

தொழிற்சாலை பஸ் வந்தது. கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்து ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் தலையைச் சாய்த்தவள், பஸ் கிளம்புவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாள்.