மார்ச் மாதத்துக் குதிரை

சனிக்கிழமை காலைகளில் நானும் மச்சானும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்து, இங்கிலாந்தில் நடக்கும் குதிரைப் பந்தயம் பார்ப்போம். தடுப்புகளைத் தாண்டி ஓடும் பந்தயம். எங்களுக்குப் பிடித்த குதிரை ஒன்று இருந்தது. அதன் பயிற்சியாளனோ அதை ஓடவிடவே மாட்டான். ஒரு கிழமை நிலம் இறுகிவிட்டது என்று விலக்குவான், மறு கிழமை சேறு என்பான். எல்லாம் மார்ச் மாதப் பெரிய பந்தயத்துக்காகவாம்.

அன்றும் விலக்கிவிட்டான். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழும்பினேன், நடந்தேன், திரும்ப வந்து இருந்தேன்.

“ஓடுற குதிரையைக் கட்டி வைச்சு அழகு பாக்கவோ வளக்கிறான்?”

“கால் முறிஞ்சா பேந்து என்ன செய்யிறது அத்தான்? அவன் செய்யிறதுதான் சரி” என்றான் மச்சான்.

“பயந்தாங்கொள்ளி! மார்ச் வரைக்கும் குதிரைக்கு வயசு போகாதோ?” என்று கத்திக்கொண்டு சோபாவில் தொப்பென்று விழுந்தேன். அது சரசரத்தது.

தேத்தண்ணியோடு வந்த மனைவி கோப்பையை நீட்டாமல் நின்றாள்.

“அந்த மனிசன் மார்ச்சிலயெண்டாலும் குதிரையை வெளியில விடுவான். நீங்கள் இந்தச் சோபாவின்ர பொலித்தீனை எப்ப கழட்டப் போறியள்?”

பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து லவாலுக்கு வீடு மாறியபோது வாங்கிய சோபா. ஊத்தை படக்கூடாது, நல்ல நாளுக்குக் கழற்றலாம் என்று சொன்னவன் நான்தான். அப்போது மகள் கார்டெரிக்கு, குழந்தைகள் காப்பகத்துக்கு, போய்க்கொண்டிருந்தாள். போன வருடம் அவளுடைய மாப்பிள்ளை வீட்டாரும் பொலித்தீனில்தான் இருந்து எழும்பிப் போனார்கள்.