போட்டிக்காரர் கையில் என் சாம்பிள் பை

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். புதிதாக வந்த மலிவு விமான நிறுவனம் ஒன்றில்தான் மாதாமாதம் டெல்லி போவேன். பிறகு அவர்களுடைய விமானங்கள் அடிக்கடி ரத்தாயின. டிக்கெட் மலிவாயிற்றே என்று நான் கண்டுகொள்ளவில்லை.

அன்று கோவை விமான நிலையத்தில் அவர்கள் கவுன்ட்டரில் ஆளே இல்லை. நிறுவனத்தையே மூடிவிட்டார்களாம்! மாலைக்குள் டெல்லியில் சரக்கு வாங்கும் பையரிடம் சாம்பிள் சேராவிட்டால் ஆர்டர் போச்சு. மற்ற விமானங்களிலும் இடமில்லை.

"ஏனுங்க, பையைக் குடுங்க. நான் சேர்த்தர்றனுங்க" என்றார், அதே ஆர்டருக்காக வேறு விமானத்தில் போகவிருந்த போட்டிக் கம்பெனிக்காரர். மனசே இல்லாமல் கொடுத்தேன். மாலையில் பையரே போன் செய்தார். என் சாம்பிளை முதலில் காட்டிவிட்டுத்தான் போட்டிக்காரர் தன்னுடையதைப் பிரித்தாராம்.

இப்போது சாம்பிளை இரண்டு நாள் முன்பே கூரியரில் அனுப்பிவிடுகிறேன். நேரில் போவதானால், கிளம்புமுன் அந்தப் போட்டிக்காரருக்குப் போன் போட்டு, "ஏதாச்சும் குடுத்து உடறீங்களாங்க?" என்று கேட்கிறேன்.