கையெழுத்துக்கு மேலே இருந்த இடம்

அடியில் மட்டும் கையெழுத்து, மேலே முழுக்க வெள்ளை. தொண்ணூறுகளில் ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சி யூனியன் ஆபீசில் என் டைப்ரைட்டர் பக்கத்தில் அப்படிப்பட்ட தாள்கள் ஒரு கட்டு எப்போதும் இருக்கும். ஆளுக்கொரு மனு இங்கிலீஷில் தயாராகும்வரை காத்திருக்க ரயில் வேகன் பட்டறைக்காரர்களுக்கு ஷிஃப்ட் விடாது. அதனால் முதலில் கையெழுத்து, பிறகு மனு. யூனியன் தலைவரை, வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, தமிழர்கள் நாங்களும் தாதா என்றே கூப்பிட்டோம். அதே பட்டறையில் வார்ப்பு வேலை பார்த்த என் அக்காள் கணவர் சொல்வார்: “கிணத்துல இறங்குறவன் கயித்தைச் சோதிக்கலாம் மாப்ளே, கயிறு பிடிக்கிறவனைச் சோதிக்கக் கூடாது.”

முதலாளி பட்டறையைப் பூட்டி எட்டு மாதமாகியிருந்தது. பாதி ஆள் விலகினால்தான் திறப்பேன் என்றார். தாதாவுக்கோ பார்லிமென்ட் சீட் கிடைத்திருந்தது. பூட்டைத் திறந்தவர் என்ற பெயரோடு ஓட்டுக் கேட்க வேண்டும். ஒரு மத்தியானம் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கையெழுத்துத் தாள் கட்டிலிருந்து பாதியைப் பிரித்து என் முன்னால் தள்ளினார். “மனு இல்லப்பா. என் விருப்பப்படி வேலையை விடுறேன்னு அடி. மீதிப் பேராவது பிழைக்கட்டும்.” ஒன்பதாவது தாளில் மச்சானின் கையெழுத்து. என் விரல் நின்றது. “ரிப்பன் தீர்ந்துடுச்சா?” என்றார். இல்லை தாதா என்று சொல்லிவிட்டு அடித்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியும் அவர் கொடுத்ததுதான். பயந்தேன், வேறு காரணம் கிடையாது.

பட்டறை திறந்தது, மச்சான் உட்படப் பாதிப் பேர் இல்லாமல். தாதா ஜெயித்து டெல்லி போனார். கையெழுத்து தன்னுடையதுதான் என்று மச்சானுக்குத் தெரியும். ஆனாலும் கம்பெனிக்காரன் ஆபீசில் புகுந்து தாளைத் திருடிவிட்டான் என்றே சாதித்தார். “தாதாவுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா?” என்று என்னிடமே கேட்பார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

பத்து வருஷத்தில் தாதா மத்திய மந்திரி. மச்சான் கல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வாட்ச்மேன். தாதா ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மகன் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்கப் புறப்பட்டார். “நீயும் வா மாப்ளே, உன்னைப் பார்த்தா மறக்க மாட்டார்.”

மறக்கவில்லை. பேனாவைத் திறந்தபடியே என்னைக் காட்டி மச்சானிடம் சிரித்தார். “இவன் மாதிரி டைப் அடிக்க டெல்லியிலகூட ஆள் இல்லப்பா. பட்டறை திறந்தப்ப உங்க எல்லார் ராஜினாமாவையும் ஒரே மத்தியானத்துல அடிச்சான், ஒரு பிழை கிடையாது.” அவருக்கு அது பழைய நல்ல நாள்களில் ஒன்று.

கடிதத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. மச்சான் பேனா முனையையே பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். “ஆமா தாதா, கெட்டிக்காரன்” என்றார்.

கையெழுத்து விழுந்தது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை எனக்கு முன்னால் நடந்தார். ஹவுரா பஸ் வந்து நின்றது. படியில் ஏறியவர், பின்னாலேயே ஏறப்போன என்னைக் கையால் தடுத்தார்.

“நீ அடுத்த பஸ்ல வா.”