ஜீப்பில் போய் எழுதிய அறிக்கை

எண்பதுகளின் கடைசியில் நான் சிறைச்சாலையில் நலன்புரி உத்தியோகத்தர். விடுதலை நெருங்கும் கைதிகளை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்போம். வீட்டார் ஏற்பார்களா என்று முதலில் நேரில் விசாரித்து அறிக்கை எழுத வேண்டியது நான். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜீப்பும் கொடுத்திருந்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கைதி ஒருவனின் தாயைத் தேடிப் போனேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். மகனின் பெயரைச் சொன்னேன். ஜீப்பைப் பார்த்தார்.

"எனக்கு மகனே இல்லீங்க."

பக்கத்துக் காம்பிரா வீடுகளிலும் அதே பதில்தான். பெற்றவளே மறுக்கிறாளே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'ஏற்பதற்கு ஆளில்லை' என்று எழுதிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்தத் தாள் மேலிடத்துக்குப் போனால் அவனுக்கு அந்த ஒரு வாரம் கிடையாது. விடுதலையானாலும் போக்கிடம் கிடையாது.

நல்லவேளை, அனுப்புமுன் அவனிடம் சொன்னேன். தச்சுப் பட்டறையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"ஐயா எதுல போனீங்க?"

"ஜீப்பில்."

"ஜீப்புல போயி பேரு சொல்லிக் கேட்டா யாருங்கய்யா இருக்கான்னு சொல்லுவாங்க? எங்க தம்பிய அப்பிடி வந்துதான் கூட்டிக்கிட்டுப் போனாங்க. இன்னும் வரல. பஸ்ஸுல போங்க. நொண்டி ஆடு சொகமான்னு நான் கேட்டதா சொல்லுங்க, அம்மா நம்புவாங்க."

என்னைத் திட்ட அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. வழிதான் சொன்னான். அதற்கு இன்றைக்கும் அவனுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

மறுநாள் பஸ்ஸில் போய், மிச்சத்தை நடந்து ஏறினேன். ஆட்டைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பாலில்லாமல் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"சின்னவனக் கேட்டு வந்தப்போ, உள்ளதான் இருக்கான்னு நாந்தாங்க சொன்னேன்," என்றார்.

பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டு, புதியதில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினேன். அவர் பெருவிரலை முந்தானையில் நெடுநேரம் துடைத்தார்.

"மகன் இருக்கான்னு எழுதிக்கோங்க. இந்தத் தடவ ஒங்கள நம்பிச் சொல்றேன்."

என்னை நம்பியதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.